மண்ணுக்குள் ரெண்டு ராத்திரி: வாசகர் கேள்வி–பதில்

போன மாதம் ஆஸ்திரேலியா பற்றி எழுதியபோது சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் கூபர் பீடி என்ற பாலைவன ஊரைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். பாதி ஜனம் மண்ணுக்கடியில் வீடு குடைந்து வாழும் ஊர், நானும் மனைவியும் அங்கே ரெண்டு ராத்திரி தங்கினோம், அவ்வளவுதான் எழுதியது. வந்த கடிதமெல்லாம் அந்த நாலு வரியைப் பற்றித்தான். சிட்னி பாலத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அந்த ஊர்தான்.

கேள்வி: என் மகள் அடிலெய்டில் இருக்கிறாள். ஆகஸ்டில் நானும் மனைவியும் போகிறோம். கூபர் பீடிக்குப் போகலாம் என்றால், “அங்க என்னப்பா இருக்கு, வெறும் பொட்டல்” என்கிறாள். உண்மையில் என்னதான் சார் இருக்கிறது? (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் மகள் சொல்வதில் தப்பே இல்லை, பொட்டல்தான். அடிலெய்டிலிருந்து வடக்கே 846 கி.மீ., ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஒன்பது மணி நேரம் போல கார் ஓட்டிப் போனால் ஊருக்கு முன்னால் கண்ணில் படுவது மண் குவியல்கள். வெள்ளையும் வெளிறிய காவியுமாக, யாரோ கோலமாவைக் கை கையாக அள்ளி வைத்துக்கொண்டே போனது மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு குழி. எல்லாம் ஓபல் என்ற ரத்தினக் கல்லுக்காகத் தோண்டியது, நூறு வருஷத்துக்கு மேலாகத் தோண்டுகிறார்கள்.

ஊர் பிறந்த கதையே வேடிக்கை. 1915-ல் ஜிம் ஹட்சிசன் என்பவர் தங்கம் தேடி அந்தப் பக்கம் வந்திருக்கிறார், கூடவே 14 வயது மகன் வில்லி. தங்கம் கிடைக்கவில்லை, குடிக்கத் தண்ணீரும் தீர்ந்துகொண்டே வருகிறது. பையனைக் கூடாரத்தில் இருக்கச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் போயிருக்கிறார்கள். பிப்ரவரி 1-ம் தேதி அவன் சும்மா இராமல் சுற்றிவிட்டு, கையில் ஓபல் துண்டுகளோடு திரும்பினான். தண்ணீரும் அவனேதான் கண்டுபிடித்தான் என்று சொல்வார்கள். அதிலிருந்து ஆரம்பித்த ஊர்.

இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் சுமார் 1,500 பேர். கிரேக்கர்கள், செர்பியர்கள், குரோஷியர்கள், இத்தாலியர்கள் என்று ஐரோப்பாவில் போருக்குப் பிறகு பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்களில் நிறைய. தெருவில் துருப்பிடித்த லாரி நிற்கும், ஏதோ ஹாலிவுட் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன விண்கலம் ஒன்று நிற்கும். மரம்? குன்றின் மேல் ஒன்று இருக்கிறது, பழைய இரும்பை வெட்டிப் பற்றவைத்துச் செய்தது. அழகான ஊரா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை. அழகு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மகள் பேச்சைக் கேட்டு அடிலெய்டு கடற்கரையிலேயே இருந்துவிடுங்கள். மனுஷன் இருக்கவே முடியாது என்று தோன்றுகிற இடத்தில் எப்படிக் குடும்பம் நடத்துகிறான் என்று பார்க்க ஆசை இருந்தால் போங்கள், அதுக்கு இந்த ஊர் மாதிரி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கேள்வி: மண்ணுக்கடியில் தூங்குவதா? மூச்சு முட்டாதா? என் மாமியாருக்கு லிஃப்ட்டில் ஏறினாலே படபடப்பு வரும். (ஈரோடு வாசகி)

பதில்: நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மண்ணுக்கடியில் என்றதும் கிணற்றில் இறங்குவது போல ஏணி வைத்து இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சிறு சிறு குன்றுகள்; அதன் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போயிருக்கிறார்கள். வாசல் தெருவோடு சமமாகத்தான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நம் வீட்டுக்குள் போவது போல நேராக நடந்து போகலாம். டக்அவுட் என்று பெயர். முன்பக்க அறைகளுக்குச் சில வீடுகளில் ஜன்னல்கூட உண்டு. உள்ளே போகப் போகத்தான் ஜன்னல் இல்லாத அறைகள். அந்த அறைகளுக்குக் கூரையைத் துளைத்துக்கொண்டு குன்றின் உச்சி வரை போகும் காற்றுக்குழாய் வைத்திருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் மொட்டைக் குன்றின் மேல் அங்கங்கே குழாய் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குழாய்க்குக் கீழேயும் யாரோ சமைத்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்தக் குன்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

எங்கள் அறையின் சுவர் இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமான மணற்பாறை, சுரங்கம் குடையும் இயந்திரத்தின் பல் பட்ட தடம் வட்ட வட்டமாக, பெரிய இசைத்தட்டைச் சுவரில் பதித்தது போல. சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் கிடையாது. தூசி உதிராமல் இருக்க நிறமில்லாத பூச்சு மட்டும் ஒன்று கொடுத்திருந்தார்கள். கைவைத்தால் குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. வெளியே கோடையில் 45 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் ராத்திரி ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். உள்ளே வருஷம் முழுக்க 23-லிருந்து 25-க்குள்தான். ஏ.சி.யும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்துவிட்டு வந்த சிப்பாய்கள்தான் இங்கே வந்து இந்த வழக்கத்தைத் தொடங்கினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது, வெயிலில் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தவனுக்கு பழைய குழி ஞாபகம் வராமலா இருக்கும்?

மூச்சு முட்டவில்லை. ஆனால் விளக்கை அணைத்ததும் ஒரு இருட்டு வந்தது பாருங்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. நம் ஊரில் மின்வெட்டு ராத்திரியில்கூட கொஞ்ச நேரத்தில் கண் பழகி ஜன்னல் சட்டமாவது தெரியும், இங்கே பழக எதுவுமே இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சத்தமும் கிடையாது. பக்கத்தில் படுத்திருந்த மனைவி “முழிச்சிட்டுதான் இருக்கீங்களா?” என்று கேட்டபோது அந்தச் சின்னக் குரலே அறை முழுக்க நிறைந்தது. கடைசியில் குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் தூங்கினோம். தூங்கியதென்னவோ அடித்துப் போட்ட தூக்கம், காலையில் மணி ஒன்பது. விடிந்தது தெரிந்தால்தானே எழுந்திருப்பது.

உங்கள் மாமியாருக்கு: பகலில் ஒரு நிலத்தடிக் கடையிலோ சர்ச்சிலோ கால் மணி நேரம் உட்காரவைத்துப் பாருங்கள். படபடப்பு வந்தால் வற்புறுத்த வேண்டாம். ஊரில் தரைக்கு மேலேயும் அறைகள் உண்டு, முன்பதிவு செய்யும்போதே எது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு ஒரு டார்ச்சும் எடுத்துப் போங்கள். எங்கள் அறைக்குள் செல்போன் சிக்னல் சுத்தமாகக் கிடைக்கவில்லை, அதனால் “போய்ச் சேர்ந்தோம்” என்று ஊருக்குச் சொல்வதை வாசலிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள், கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிப் போக நினைக்கிறோம். நம் லைசென்ஸ் செல்லுமா? ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிப் போய்விடலாமா? (கோவை வாசகர்)

பதில்: லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வந்தவர்கள் இந்த ஊர் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் ஓட்டலாம். நம் அட்டை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, இருந்தாலும் கார் கொடுப்பவர் சர்வதேச அனுமதி கேட்கலாம் என்பதால் அதையும் வாங்கிக்கொண்டே போங்கள். இடது பக்கம் ஓட்டுவதும் நம்மைப் போலத்தான். சாலையும் முழுக்கத் தார்ச் சாலை, வேக வரம்பு 110.

ராத்திரியில் மட்டும் வேண்டாம் தம்பி. கங்காருவும் ஈமுவும் மாடும் சாலைக்கு வருவது பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும்தான். கங்காரு நம் ஊர் மாடு மாதிரி நின்று யோசிக்காது, விளக்கைப் பார்த்ததும் எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதுக்கே தெரியாது. நகரத்துக்கு வெளியே இருட்டில் ஓட்டி விபத்தானால் காப்பீடு கிடையாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும், படியுங்கள்.

அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா 300 கி.மீ. சொச்சம். முதல் நாள் அங்கே படுத்துவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறியதும் கிளம்பினால் மிச்சம் 540 கி.மீ.யைப் பகலிலேயே முடித்துவிடலாம். நடுவில் பிம்பா, கிளெண்டாம்போ, அவ்வளவுதான் நிறுத்தம். கிளெண்டாம்போவை விட்டால் 250 கி.மீ.க்கு பெட்ரோலும் இல்லை, டீயும் இல்லை. டேங்க்கில் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று அந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எதிர்க்காற்று அடித்தால் கணக்கு மாறிவிடும். ரோடு ட்ரெய்ன் என்று மூன்று டிரெய்லர் கோத்த லாரி வரும், 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். அதை முந்துவதற்கு முன்னால் சாலை எவ்வளவு தூரம் காலியாகத் தெரிகிறதோ அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். ஆளுக்கு ஐந்து லிட்டராவது தண்ணீர். ஊர்களுக்கு நடுவே சிக்னல் கிடையாது, ஊரில் கிடைப்பதிலும் டெல்ஸ்ட்ரா என்ற செல்போன் கம்பெனியின் சிக்னல்தான் உருப்படி. வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்காதீர்கள், வண்டியோடயே இருங்கள். பாலைவனத்தில் காரைக் கண்டுபிடிப்பது சுலபம், மனுஷனைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

என் கதை ஒன்று. நான் எடுத்த வண்டியைத் தார்ச் சாலையை விட்டு இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. “பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே” என்று மண் பாதையில் இறக்கிவிட்டேன். கதவு இடுக்கு, பூட்டுத் துவாரம், சீட் பெல்ட் சுருள் வரைக்கும் செம்மண் தூசி ஏறிவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது வந்த பையன் கதவைத் திறந்து ரப்பர் பட்டியை ஒரு விரலால் தடவினான், விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டான். கழுவும் கட்டணமும் அபராதமுமாகப் போனது எங்கள் ரெண்டு நாள் சாப்பாட்டுச் செலவுக்கு மேல். கம்பெனியைத் திட்ட எனக்கு வாயில்லை.

ஓட்ட விருப்பமில்லை என்றால் அடிலெய்டிலிருந்து சின்ன விமானம் இருக்கிறது. டார்வினிலிருந்து அடிலெய்டு வரும் ‘கான்’ சொகுசு ரயிலின் நீண்ட பயணத்திலும் ஊரிலிருந்து 40 கி.மீ. போல தள்ளி மங்குரி என்ற இடத்தில் இறக்கிச் சுற்றிக்காட்டுகிறார்கள். ஆனால் ராத்திரி அங்கே தங்க முடியாது, காசும் கண்ணைக் கட்டும். கான் என்ற பெயர் ஒட்டகம் ஓட்டிய ‘ஆப்கன்’காரர்களின் நினைவாக வந்தது, அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்குப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பது கொசுறு.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். என்ன சாப்பிடுவது? இட்லிப் பொடி, ஊறுகாய், வீட்டில் செய்த மைசூர்பாகு எடுத்துப் போகலாமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: ஊரில் பீட்ஸா கிடைக்கும், கிரேக்கச் சாப்பாடு கிடைக்கும், சூப்பர் மார்க்கெட் ஒன்று இருக்கிறது. பீட்ஸாக் கடையில் கங்காரு, ஈமுக் கறி போட்டதெல்லாம் பட்டியலில் இருக்கும், அதனால் சைவம் என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லிவிடுங்கள். அடுப்பு உள்ள அறை எடுத்தால் நிம்மதி. அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் அடிலெய்டிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பலாம், அங்கே இந்தியக் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

எடுத்துப் போகும் விஷயத்தில் மட்டும் கவனம். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் எந்த உணவுப் பொருளானாலும் பயணிகள் நிரப்பும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று எழுதிக் காட்டிவிட வேண்டும். காட்டினால் அதிகம் போனால் அந்தப் பொட்டலம் போகும். மறைத்துப் பிடிபட்டால் பெரிய அபராதம், விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது. பேடா, பர்ஃபி மாதிரி பால் சேர்ந்த இனிப்புகளுக்கு அனுமதி இல்லை, கறிவேப்பிலையும் கூடாது. மைசூர்பாகில் நெய் இருக்கிறதே, எதுக்கு வம்பு, அதை இங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஜோசியர் என் பெண்ணுக்குச் சுக்கிரன் சரியில்லை, ஓபல் மோதிரம் போடச் சொன்னார். கூபர் பீடியில் வாங்கினால் மலிவாக இருக்குமா? ஏமாற்றுவார்களா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சுக்கிரனைப் பற்றி எனக்குத் தெரியாது, கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

விலை மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள். தோண்டும் இடத்தில் ரகம் அதிகம், தேர்ந்தெடுக்கலாம், விற்பவரே சில சமயம் தோண்டியவராகவும் இருப்பார், அதுதான் லாபம். கூபர் பீடியில் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளை, இளநிற ஓபல். கறுப்பு ஓபலுக்குப் பேர்போனது நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் லைட்னிங் ரிட்ஜ், அது வேறு ஊர், வேறு விலை. 1956-ல் கூபர் பீடியின் ‘எய்ட் மைல்’ என்ற சுரங்க வயலில் 17,000 கேரட் ஒற்றைக் கல் ஒன்று கிடைத்தது, மூன்று கிலோவுக்கு மேல் எடை. அந்த வருஷம் மெல்போர்னில் ஒலிம்பிக் நடந்ததால் ‘ஒலிம்பிக் ஆஸ்திராலிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடையில் மூன்று வகை இருக்கும். சாலிட் என்றால் முழுக்க ஓபல். டப்லெட் என்றால் மெல்லிய ஓபல் சீவலைக் கறுப்பான அடிக்கல் மேல் ஒட்டியது. ட்ரிப்லெட் என்றால் அதுக்கு மேல் கண்ணாடியோ படிகமோ மூடி வைத்தது. ஒட்டுக்கல் விற்பது மோசடி கிடையாது, ஒட்டுக்கல் என்று சொல்லி விற்கும் வரைக்கும். பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், தாளை வைத்துக் கோடு போட்டது போல நேர்க்கோடு தெரிந்தால் ஒட்டியது. மோதிரத்தில் பதித்துவிட்டால் பக்கம் தெரியாது, ஆகவே பதிக்காத கல்லாக வாங்கி இங்கே வந்து நம் ஆசாரியிடம் கட்டிக்கொள்வது நல்லது.

இது ஏன் முக்கியம் என்றால், ராசிக்கல்லை நாம் சும்மா போட்டுக்கொள்வதில்லையே. பாலில் ஊறவைத்து, பூஜையில் வைத்து, அப்புறம்தானே விரலில் ஏறுகிறது. டப்லெட்டையும் ட்ரிப்லெட்டையும் ஊறவைத்தால் பசை இளகி உள்ளே புகை படிந்த மாதிரி மங்கிப்போகும். இப்போது எத்தியோப்பியாவிலிருந்தும் நிறைய ஓபல் சந்தைக்கு வருகிறது, அது தண்ணீரை உறிஞ்சும் ரகம், அதையும் பாலில் போடக் கூடாது. ஆஸ்திரேலிய சாலிட் கல்லுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் எல்லா ஓபலும் மென்மையான கல், வைரம் மாதிரி நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தால் கீறல் விழும். பெண்ணிடம் சொல்லிவைங்கள்.

ஒரே கடையில் 300 டாலருக்கு மேல் வாங்கினால் வரி ரசீது கேளுங்கள். வாங்கி 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் கல்லையும் ரசீதையும் காட்டினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும். அங்கே ஜி.எஸ்.டி. 10 சதவீதம். கல்லைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் அங்கே ஓபல் பொறுக்கலாமாமே, உண்மையா? எங்கள் வீட்டு வாண்டுகள் பிளாஸ்டிக் வாளி வாங்கித் தயாராக இருக்கின்றன. (நாகர்கோவில் வாசகி)

பதில்: உண்மை. நூட்லிங் என்று பெயர். சுரங்கக்காரர்கள் கொட்டிய மண்ணைக் கிளறி, அவர்கள் கண்ணுக்குத் தப்பியதைப் பொறுக்குவது. ஊருக்குள்ளேயே ஜுவல்லர்ஸ் ஷாப் ரோடு என்ற தெருவில் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய மேடு இருக்கிறது, அனுமதியும் வேண்டாம், காசும் வேண்டாம். மற்ற குவியல்களுக்கெல்லாம் சொந்தக்காரர் உண்டு, கேட்காமல் கை வைக்கக் கூடாது.

நாங்களும் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் என்று நினைத்தது மூன்று மணி நேரமானது. சல்லடையும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஒரு சாப்பாட்டு ஸ்பூன், ஒரு தண்ணீர் பாட்டில். கல்லை எடுப்பது, நாக்கால் தொடாத குறையாக ஈரம் பண்ணி வெயிலில் திருப்புவது, போடுவது. பக்கத்தில் ஒரு கிழவர் தகர டப்பாவோடு உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காரச் சொல்லி சைகை காட்டினார். அப்படி மாறி உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் மனைவி கையில் ஒரு துண்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதி. சாம்பல் நிறம், ஓரத்தில் மட்டும் ஒரு கீற்றுப் பச்சை. கிழவர் வாங்கிப் பார்த்து “பாட்ச்” என்றார். நிறம் காட்டாத ஓபலுக்கு அதுதான் பெயர், விலை கிடையாது. அந்தக் கீற்றைச் சுட்டிக்காட்டினாள் இவள். அவர் மறுபடி பார்த்து, தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குள் இருக்கிறது.

வாண்டுகள் விஷயத்தில் பயமுறுத்தத்தான் போகிறேன். அந்த ஒதுக்கிய இடத்தை விட்டு சுரங்க வயல் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. மூடாத குழிகள், கிணறு மாதிரி செங்குத்தாக, விளிம்பில் சுவரோ வேலியோ இல்லாமல். ஓடாதே, பின்னோக்கி நடக்காதே என்று அங்கங்கே படம் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். பின்னோக்கி நடப்பதா என்று முதலில் சிரித்தேன், அப்புறம்தான் புரிந்தது, போட்டோ எடுக்கிறவன் எல்லாரும் அதைத்தானே செய்கிறான்! செல்பி எடுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. எத்தனை நாள் தங்கலாம், என்னவெல்லாம் பார்க்கலாம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: ரெண்டு ராத்திரி. ஒரு ராத்திரி என்றால் வந்த களைப்பிலேயே போய்விடும், மூன்றாவது நாள் அப்பா “கிளம்பலாமா” என்பார்.

ஒரு பகல் ஊருக்குள். உமூனா, ஓல்ட் டைமர்ஸ் மைன் ரெண்டும் பழைய சுரங்கங்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம், ரெண்டில் ஒன்று போதும். அப்புறம் செர்பியர்களின் நிலத்தடி தேவாலயம், இதை விட்டுவிட வேண்டாம். உயரமான கூடமாகவே குடைந்திருக்கிறார்கள், பாறையிலேயே புனிதர்களின் உருவங்கள், கோடியில் வண்ணக் கண்ணாடி. வாசலில் உண்டியல் மட்டும்தான், ஆள்கூட இல்லை. புல் இல்லாத கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு செயற்கைப் புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள், கோடையில் ராத்திரியில் ஒளிரும் பந்து. இந்த ஊர்க் குசும்புக்கு இன்னொரு சாட்சி, 1965-ல் தொடங்கிய திறந்தவெளி சினிமா. வெடிமருந்தைத் தியேட்டருக்குள் கொண்டுவர வேண்டாம் என்று திரையில் ஸ்லைடு போடுவார்கள். சுரங்கக்காரன் வண்டியில் எப்போதும் வெடி இருக்குமே.

இன்னொரு நாள் சாயங்காலம் வடக்கே 30 கி.மீ. சொச்சத்தில் இருக்கும் பிரேக்அவேஸ். அது ஒரு காலத்தில் கடல். பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தின கடல் பிராணிகளின் எலும்புகளே ஓபலாக மாறிக் கிடைத்திருக்கின்றன. வெள்ளை, மஞ்சள், செங்கல் நிறம் என்று அடுக்கடுக்காகத் தனித்து நிற்கும் குன்றுகள், வெயில் இறங்க இறங்க நிறம் மாறிக்கொண்டே வரும். நுழைவுச் சீட்டு முன்பே வாங்கிவிட வேண்டும். பக்கத்திலேயே நாய் வேலி: தெற்கே மேயும் ஆடுகளை டிங்கோ நாய்களிடமிருந்து காக்கப் போட்டது, சுமார் 5,600 கி.மீ. நீளம். பார்க்க நம் தோட்டத்துக் கம்பி வேலி மாதிரிதான் இருக்கும், ரெண்டு பக்கமும் அது முடியாமல் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்தால்தான் சங்கதி புரியும். இதெல்லாம் மண் பாதை, என் கதையைப் படித்தீர்கள் அல்லவா, உள்ளூர் சுற்றுலா வண்டியில் போங்கள்.

ஊரில் ஆஸ்பத்திரி உண்டு. பெரிய சிக்கல் என்றால் பறக்கும் டாக்டர் சேவை விமானத்தில் நகரத்துக்குத் தூக்கிப் போகும். நெடுஞ்சாலையிலேயே அந்த விமானம் இறங்கக் கோடு போட்ட இடங்களை வழியில் பார்ப்பீர்கள். அப்பாவின் மாத்திரைகளை மருத்துவச் சீட்டோடு, தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துப் போங்கள். பயணக் காப்பீடு இல்லாமல் போகவே வேண்டாம்.

கேள்வி: ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம்? பூர்வகுடிகள் அங்கே இருக்கிறார்களா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: பூர்வகுடி மொழியில் ‘குபா பிட்டி’, வெள்ளைக்காரன் குழி என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். யார் வந்து என்ன செய்தார்கள் என்பதை ரெண்டே வார்த்தையில் வைத்துவிட்டார்கள்!

இருக்கிறார்கள். அந்த நிலத்தின் மேல் அண்டகிரிஞ்சா மடு-யங்குன்யட்ஜட்ஜரா மக்களுக்கு உரிமை உண்டு என்று 2011-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சுற்றுலாப் புத்தகங்கள் ஓபலோடு நிறுத்திவிடுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கே எமு ஃபீல்ட் என்ற இடத்தில் 1953-ல் பிரிட்டன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது, அந்தக் கரும்புகை தங்கள் மக்கள் மேல் வந்து படிந்ததை நேரில் அனுபவித்த பெண்கள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். 1998-ல் அரசு அணுக்கழிவுக் கிடங்கை இந்தப் பாலைவனத்தில் வைக்கத் திட்டமிட்டபோது, கூபர் பீடி பாட்டிமார் ‘குபா பிட்டி குங்கா ஜுட்டா’ என்று ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். ‘இரட்டி வண்டி’ என்பது அவர்கள் முழக்கம், விஷத்தை விட்டுவிடு என்று பொருள். அவர்களில் இருவருக்கு 2003-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது, 2004-ல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஊரில் பூர்வகுடி மக்களைப் பார்த்தால் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு லீவு கோடையில்தான். மே மாதம் போகலாமா? டிசம்பர் எப்படி? (தாம்பரம் வாசகி)

பதில்: மே தாராளமாக. நம் கோடை அவர்களுக்குக் குளிர்காலத் தொடக்கம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம், பகலில் இதமான வெயில், ராத்திரியில் ஸ்வெட்டர். டிசம்பர், ஜனவரி வேண்டாம், அப்போது ஊர்க்காரர்களே குழியை விட்டு வெளியே வருவதில்லை. மழையைப் பற்றிக் கவலை வேண்டாம், வருஷத்துக்கே சுமார் 140 மி.மீ., சென்னைக்குப் பெய்வதில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீரே 20 கி.மீ.க்கு மேல் தள்ளி நிலத்தடியிலிருந்து எடுத்து உப்பு நீக்கிக் குழாயில் வருகிறது, பக்கெட் பக்கெட்டாகக் குளிக்காதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு பொருள் கூடுதலாக எடுத்துப் போகலாம் என்றால் எது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: முகத்துக்குப் போடும் ஈ வலை. தொப்பியோடு சேர்த்தே அடிலெய்டில் விற்கிறார்கள். கடையில் போட்டுப் பார்த்தபோது மனைவி சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்து வாங்காமல் வந்துவிட்டேன். பிரேக்அவேஸில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை.